பன்னீர்ச் செம்பிலிருந்து பறந்த மயில்

முன்னொரு காலத்தில் செவ்வந்தி நாட்டைக் குலோத்பவராயன் என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பொழுதெல்லாம் அவர் தம் கொள்ளுப்பாட்டியின் சீதனமான வெள்ளிப் பன்னீர்ச் செம்பையே பார்த்துக்கொண்டிருப்பார். அதன் வயிற்றில் ஒரு மயில், மயிரிழைக் கோடுகளால் செதுக்கப்பட்டிருந்தது. "ஒவ்வொரு இறகையும் எண்ணலாம் போலிருக்கிறதே!" என்று வியந்து எண்ணத் தொடங்குவார். பாதியில் தூங்கிவிடுவார்.

அரண்மனை வெள்ளிச் சாமான்களைத் துலக்கிக் காத்தவள் வேலாச்சி. ராஜா அவளைப் புகழப் புகழ, சபைப் பிரமுகர் சிங்கராயருக்கு வயிறு எரிந்தது.

"அரசே, மயிலின் கோடெல்லாம் கறுப்பு! சோம்பேறி விட்டுவைத்த அழுக்கு. என்னிடம் கொடுங்கள்."

கொடுத்தார். சிங்கராயர் புளியும் சாம்பலும் போட்டு மூன்று நாள் தேய்த்தார். செம்பு பளபளவென்று சபைக்கு வந்தது. எல்லோருக்கும் கண் கூசியது.

"மயில் எங்கே?" என்று அலறினார் ராஜா.

வீரர்கள் தோட்டத்துக்கு ஓடி ஏழு மயில்களைப் பிடித்துவந்தார்கள். ராஜா ஒவ்வொன்றையும் செம்போடு ஒட்டிவைத்துப் பார்த்தார். எதுவும் உள்ளே போகவில்லை.

சிங்கராயர் சபையோரத்தில் நின்ற வேலாச்சியைக் கைகாட்டிச் சமாளித்தார். "செம்பில் மயிலே இருந்ததில்லை அரசே! இவள் அழுக்கால் வரைந்து உங்களை ஏமாற்றியிருக்கிறாள்."

"அழுக்கையா இத்தனை நாள் ரசித்தேன்? இவள் கைகள் இரண்டையும் வெட்டுங்கள்!"

வேலாச்சி முன்னால் வந்து நின்றாள்.

"மகாராஜா, மயில் அங்கேயேதான் இருக்கு. கோட்டுக்குள்ள கறுப்பு நின்னாத்தான் கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் மை குடுங்க, காட்டுறேன்."

"மை கொடுத்தால் மறுபடி வரைந்துவிடுவாள்!" என்றார் சிங்கராயர்.

"சரிங்க, நான் தொடவே மாட்டேன். சிங்கராயர் ஐயாவே தன் கையால செம்பை எடுத்துத் தன் மீசையில நல்லா உருட்டிட்டு, துணியால துடைக்கட்டும்."

சபை திரும்பிப் பார்த்தது. அறுபது தாண்டிய சிங்கராயரின் மீசை கன்னங்கரேலென்று மின்னியது.

"அரசே, மீசை என் குலப்பெருமை!"

"செம்பு என் குலப்பெருமை. உருட்டும்!"

உருட்டினார், துடைத்தார். அலகு தெரிந்தது, கழுத்து தெரிந்தது. இடப்பக்க மீசை வெள்ளைவெளேரென்று ஆனது.

"தோகை இன்னும் வரவில்லை," என்றார் ராஜா ஆவலாக. "வலப்பக்கத்தையும் உருட்டும்!"

தோகை விரிந்தது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு கோடுகூட மாறாமல் தம் மயில் திரும்பியதைக் கண்டு ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேலாச்சி, வெட்டச் சொன்ன கைகள் இரண்டுக்கும் தங்கக் காப்பு போடச் சொல்கிறேன். மடத்தனமாகப் பேசிவிட்டேன். சிங்கராயரே, இனிமேல் அழுக்கு எது, அழகு எது என்று இவளிடம் கேட்டுவிட்டுத்தான் நீர் வாயைத் திறக்க வேண்டும்!"

"உத்தரவு அரசே," என்றது வெள்ளை மீசை.

"மகாராஜா, சபையில வேற யாராவது மீசைக்கு மை போடுறாங்களா?" என்று வேலாச்சி வெள்ளந்தியாகக் கேட்டாள். "குங்குமச் சிமிழ்ல ஒரு கிளி மங்கலா இருக்கு."

ராஜா சட்டென்று தம் மீசையைப் பொத்திக்கொண்டு, "சபை கலையலாம்!" என்றார்.