ஊருக்கெல்லாம் ஒரே வேலி

போர்வைய இழுத்து மூடிக்க அமலி. கால ஆட்டாத, கொசுவலை கிழிஞ்சிடும். பெரியம்மா கதை சொல்லும்போது நடுநடுவுல ‘ம்’ சொல்லணும். சொல்லலன்னா நீ தூங்கிட்டன்னு வெளக்க அணைச்சிட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ஊர விட ஆறு பெருசு. மிசிசிப்பின்னு பேரு, அமெரிக்காவுல இருக்கு. இந்தக் கரையில நின்னு கத்தினா அந்தக் கரைக்குக் கேக்காது. அந்த ஆத்தங்கரையில பிரெஞ்சுக்காரங்க கொஞ்சம் பேரு குடியிருந்தாங்க. நம்ம புதுச்சேரிக்குக் கப்பல்ல வந்தாங்களே, அதே தேசத்து ஆளுங்கதான். ஆனா இவங்க தொரைங்க இல்ல. ஏர் ஓட்டுறவங்க, படகு தள்ளுறவங்க. அந்த மண்ணு அவங்களுக்கு முன்னாடி வேற சனங்களோடது. சோளம் எப்படி வெதைக்கணும், பனியில எப்படி நடக்கணும்னு அந்த சனங்கதான் இவங்களுக்குக் காட்டிக் குடுத்தாங்க. இந்தக் கதைய எனக்குச் சொன்னது எங்க பள்ளிக்கூடத்து சிஸ்டர். நானும் கொஞ்சம் சேத்துப்பேன், கண்டுக்காத.

ம்.

அப்புறம், அந்த ஊர்ல வீடு எப்படின்னா, மரத்த வரிசையா மண்ணுல நட்டு, எடுக்குல களிமண்ணும் வைக்கோலும் வெச்சு அப்பி, மேல பளிச்சுனு வெள்ளையடிச்சிருப்பாங்க. சுத்தி வராந்தா. சாயங்காலம் ஆனா எங்கயாவது ஒரு பிடில் அழும், கொய்ங் கொய்ங்னு. அப்பறம் காலு சும்மா இருக்குமா, ஆட்டந்தான். குழந்தை ஏசுவ மூணு ராஜா பாக்க வந்த திருநாளுக்குப் பெருசா ஒரு ரொட்டி சுட்டு, உள்ள ஒரு அவரை விதைய ஒளிச்சு வெப்பாங்க. யார் பல்லுல கடுக்குனு படுதோ அவன்தான் அன்னிக்கு ஊருக்கு ராஜா. என்னா ஒரு வாழ்க்கை பாத்துக்க.

ஆனா வயலு மட்டும் வேற மாதிரி. வீட்டுக்கு ஒரு துண்டு, ரிப்பன் மாதிரி நீட்டா. துண்டுக்கு நடுவுல வேலி கெடையாது. மொத்த வயலையும் சுத்தி ஒரே வேலி, ஊருக்கெல்லாம் சேத்து. அவங்கவங்க துண்டு முடியற எடத்துல இருக்கற வேலி அவங்கவங்க பங்கு. மாடு, பன்னி எல்லாம் வெளிய இஷ்டத்துக்குச் சுத்தும். ஒருத்தன் பங்குல ஓட்டை விழுந்துச்சுன்னா அவ்ளோதான், எல்லார் கோதுமையும் காலி. அதனால பனி உருகினதும் மாதா கோயில் வாசல்ல சொல்லிடுவாங்க, வேலியப் பாத்துக்குங்கன்னு. உள்ள ஒரே ஒரு வீட்டுப் பயிரு நின்னாலும் வேலி முழுசா நிக்கணும். அது ஊர்க் கட்டுப்பாடு.

ம்.

அந்த ஊர்ல பெரீன்னு ஒருத்தி இருந்தா. கெட்டிக்காரி, ஆனா பிடிவாதம், உன்ன மாதிரி. அவ புருஷன் பேரு ஒனோரே. அவன் படகுக்காரன். ஆத்துல மேல மேல போயி, காட்டுல இருக்கறவங்க கிட்ட தோல் வாங்கிட்டு வருவான். ஒரு தடவ அப்படிப் போனவன், அடுத்த அறுப்புக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனான். அறுப்பு வந்துச்சு, அவன் வரல. அதுக்கு அடுத்த அறுப்பும் வந்துச்சு, அவன் வரல. செத்தான்னும் சேதி இல்ல, இருக்கான்னும் சேதி இல்ல.

அப்போ பாத்து எங்கயோ தூரத்துல ராஜாவும் ராஜாவும் சண்டை போட்டுக்கிட்டாங்க. பிரெஞ்சு ராஜா தோத்துட்டான். தோத்தவன் ஒரு கையெழுத்துப் போட்டான், இந்தக் கரை இனிமே இங்கிலீஷ்காரனுக்குன்னு. ஊர்ல யாரையும் ஒரு வார்த்த கேக்கல. இங்கயும் அப்படித்தான் நடந்துச்சு, பிரெஞ்சுக்காரன் போனப்ப, எங்க அப்பா காலத்துல. அது வேற கதை.

அப்போ அந்த ஊர் சனம் என்ன பண்ணாங்க? இந்தக் கரை வேண்டாம், அந்தக் கரைக்குப் போயிடலாம்னு முடிவு பண்ணாங்க. சும்மா போகல. வீட்டையே பிரிச்சாங்க. கதவு, ஜன்னலு, தூணு, பலகை எல்லாத்தையும் கழட்டி, படகுல ஏத்தி, சளக் சளக்னு துடுப்புப் போட்டு அந்தப் பக்கம் கொண்டு போனாங்க. பெரீன் மட்டும் வாசல்ல கைய கட்டிக்கிட்டு நின்னா.

பெரீன் வீட்டுக்கு இந்தப் பக்கத்து வீடு கிழவர் துசேன். எப்பவும் சிடுசிடுன்னு இருப்பாரு. அந்தப் பக்கத்து வீடு பாபெத், வாய மூடத் தெரியாதவ. ரெண்டு பேரும் வந்து கெஞ்சினாங்க. பெரீன் ஒண்ணுதான் சொன்னா.

“அவர் வந்து கதவத் தட்டுவாரு. கதவே இல்லன்னா எதத் தட்டுவாரு?”

துசேன் மீசையக் கடிச்சுக்கிட்டே படகுல ஏறிட்டாரு. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்புறம் ஊரே காலி. நட்ட மரத்தப் புடுங்கின குழிதான் எங்க பாத்தாலும். பெரீன் ஒருத்தி மட்டும் தன்னோட துண்டுல கோதுமை போட்டா. பனி உருகிச்சு, பச்சை எட்டிப் பாத்துச்சு. ஆனா வேலி? அவ பங்கு திடமா நிக்குது. மத்தவங்க பங்கெல்லாம் சாஞ்சு கெடக்குது. விட்டுட்டுப் போன பன்னிங்க உர்ர் உர்ர்னு உள்ள வர ஆரம்பிச்சுடுச்சு. அவ ஒரு பக்கம் வெரட்டினா அதுங்க இன்னொரு பக்கம் நொழையுது. அன்னிக்கு வரப்புல உக்காந்து அழுதுட்டா பாவம்.

அப்போ கேட்டுச்சு, டொக் டொக் டொக்னு. ஓடிப் போயிப் பாக்கறா. துசேன் நிக்கறாரு, கோடாலியோட. பாபெத்தும் அவ புருஷனும் நிக்கறாங்க. ஊரே நிக்குது. எல்லாரும் ஆத்தத் தாண்டி வந்து அவங்கவங்க பங்கு வேலியக் கட்டிக்கிட்டிருக்காங்க. உள்ள அவங்களுக்கு ஒரு கதிரு கூட இல்ல. பெரீன் ஏன்னு கேட்டா. துசேன் திரும்பிக்கூடப் பாக்காம, உள்ள பயிரு நிக்குது, வேலி நிக்கணும், இதுல என்ன பேச்சுன்னுட்டாரு. இது மொத வருஷம்.

ரெண்டாம் வருஷம் வெள்ளம். ஆறு குபுகுபுன்னு ஏறி வந்து பாதி வேலிய அடிச்சிட்டுப் போயிடுச்சு. இனிமே யாரும் வரமாட்டாங்கன்னுதான் அவ நெனச்சா. வந்தாங்க. கன்னாபின்னான்னு திட்டிக்கிட்டே வந்தாங்க. பாபெத் சேத்துல வழுக்கி தொபுக்கடீர்னு விழுந்து, எழுந்திரிச்சு, அதுலயும் பேசிக்கிட்டே வேலை செஞ்சா.

அந்த வருஷந்தான் புதுசா குடி வந்த ஒரு இங்கிலீஷ்காரன் அவ கிட்ட வந்து, உன் துண்ட மட்டும் தனியா வளைச்சு வேலி போட்டுக்க வேண்டியதுதானே, எதுக்கு இத்தன பேர வேலை வாங்குறன்னு கேட்டான். பெரீனுக்கு அது புரியவே இல்ல. தனியா வேலி போட்டுக்கிட்டா பக்கத்து வீட்டுக்காரங்க எதுக்குன்னு கேட்டா. அவன் தலையச் சொறிஞ்சுக்கிட்டே போயிட்டான். சொல்லு, ம்.

ம்.

மூணாம் வருஷம். பனி முழுசா உருகல. ஆத்துல வீடு தண்டி பனிக்கட்டி மெதந்து வருது. துசேனுக்குப் பொறுக்கல, கோதுமை மொளைச்சிருக்கும், பன்னி நொழஞ்சிருக்கும்னு படகத் தள்ளிட்டாரு. நடு ஆத்துல மடார்னு ஒரு கட்டி இடிச்சுது. படகு கவுந்துச்சு. கூட இருந்தவங்க அவரு சட்டையப் புடிச்சு எப்படியோ கரையில இழுத்துப் போட்டாங்க. உதடெல்லாம் நீலம். பல்லு கடகடன்னு அடிக்குது.

சேதி கேட்டு பெரீன் மொத தடவையா அந்தக் கரைக்குப் போனா. துசேன் காய்ச்சல்ல அனத்திக்கிட்டுக் கெடக்காரு. இவ பக்கத்துல உக்காந்து நெத்தியில துணி நனைச்சுப் போட்டா. ராத்திரி பகலா பாத்துக்கிட்டா. ஒரு நாளு கெழவரு கண்ணத் தொறந்தாரு. இவள அடையாளம் தெரிஞ்சுது. என்ன கேட்டாரு தெரியுமா?

“என் பங்கு வேலிய யாரு கட்டினது?”

அப்போதான் பெரீனுக்கு மனசு ஒடஞ்சு போச்சு. நான் ஒருத்தருக்காகக் காத்திருக்கேன், எனக்காக இத்தன பேரும் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஆத்தத் தாண்டுறாங்களேன்னு தோணிச்சு. அவளுக்கு ரெண்டு பக்கமும் வலி. இந்தக் கரைய விட்டா புருஷன விட்ட மாதிரி. விடலன்னா இவங்கள்ல ஒருத்தர் ஆத்தோட போயிடுவாங்க.

வெளிய வந்து வாசப்படியில உக்காந்தா. அப்பத்தான் அந்தத் தெருவ சரியாப் பாத்தா. இது துசேன் வீடு. அது பாபெத் வீடு. நடுவுல ஒரு எடம் காலியா இருக்கு. ஒரு வீடு அளவுக்கு. புல்லு மண்டிக் கெடக்கு. துசேனோட ஆடு அதுல கட்டியிருக்கு. ஊர் பூரா எடத்துக்கு அடிச்சுக்கிட்டு வீடு கட்டியிருக்காங்க, இந்த எடத்த மட்டும் யாரும் தொடல. பாபெத் கிட்ட கேட்டா. வாய மூடத் தெரியாத பாபெத் அன்னிக்கு மூணே வார்த்ததான் பேசினா.

“அது உன் எடம்டி” அப்படின்னா.

எனக்கு இங்க வரும்போதெல்லாம் எங்க தெரு ஞாபகம் வந்துடும் அமலி. எங்க பக்கத்து வீட்டு செலஸ்தீன் குடும்பம் பிரான்சுக்குக் கப்பல் ஏறினப்போ நான் உன் வயசு. கூண்டுக் கிளிய எங்க கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. அந்த வீட்ட இடிச்சு இப்ப லாட்ஜு கட்டிட்டாங்க. எனக்கு இன்னும் அது செலஸ்தீன் வீடுதான். சரி, அத விடு.

அப்புறம் பெரீன் அந்த வருஷக் கோதுமைய அறுத்தா. அறுத்து முடிச்சதும் வயல் கதவத் தொறந்து விட்டா. மாடு, பன்னி எல்லாம் திமுதிமுன்னு உள்ள போயிடுச்சு. வழக்கமா அறுப்பு முடிஞ்சா தொறக்கறதுதான், வெதைக்கறப்ப திரும்பச் சாத்திடுவாங்க. அவ சாத்தல. ஊரே வந்து அவ வீட்டப் பிரிச்சுது, மடமடன்னு. படகுல ஏத்தும்போது அவ ஒரு தடவ கூட திரும்பிப் பாக்கல. பாத்தா எறங்கிடுவோம்னு அவளுக்கே தெரியும். அந்தக் காலி எடத்துல அவ வீடு திரும்ப நின்னுச்சு.

அவரு... அவரு வரவே இல்லையா பெரியம்மா?

பொறு, வர்றேன். ரொம்ப நாளு கழிச்சு, எல கொட்டுற பருவத்துல, ஒரு படகு ஆத்துல எறங்கி வந்துச்சு. ஒனோரேதான். தாடி நரைச்சுப் போச்சு, ஒரு காலு நொண்டுது. மேல காட்டுல காலொடிஞ்சு கெடந்தவன அங்க இருக்கற சனங்க வருஷக்கணக்கா வெச்சுக் காப்பாத்தியிருக்காங்க. வந்து எறங்கினா, ஊரு இல்ல. குழியும் புல்லுந்தான். அவன் அங்கயே மண்ணுல உக்காந்துட்டான். எல்லாரும் செத்துட்டாங்கன்னு நெனச்சுட்டான்.

அப்புறம் தலையத் தூக்கினான். ஆத்துக்கு அந்தப் பக்கம் பொக தெரிஞ்சுது. ஒண்ணு, இன்னொண்ணு, இன்னொண்ணு. படகத் தள்ளினான். கரையேறினான். ஒருத்தர் கிட்டயும் வழி கேக்கல. துசேன் வாசல்ல உக்காந்திருந்தாரு, அவரத் தாண்டினான். அடுத்த வீட்டு வாசல்ல நின்னு கதவத் தட்டினான். அதே கதவு.

பெரீன் தொறந்தா. ரெண்டு பேரும் நிக்கறாங்க. அவளால அழ முடியல, சிரிக்க முடியல. எப்படிக் கண்டுபுடிச்சீங்கன்னு மட்டும் கேட்டா.

அவன் இந்தப் பக்கம் பாத்தான், துசேன் கண்ணத் தொடச்சுக்கிட்டிருக்காரு. அந்தப் பக்கம் பாத்தான், பாபெத் ஊருக்கெல்லாம் கத்திச் சொல்லிக்கிட்டிருக்கா. அவன் சொன்னான்:

“ஊரு இருந்த எடத்துலதான் இருக்கு பெரீன். ஆறுதான் நகந்து போயிருக்கு.”

ம்...

கண்ணு சொக்குது பாரு. அவங்க கதவச் சாத்திட்டாங்க, நம்ம கதையும் சாத்தியாச்சு. நீயும் கண்ணச் சாத்திக்க தங்கம்.