பழிக்கு வந்த மூன்று பேர்

பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகள் கேட்டிருப்பீர்கள். இது ஒரு பழிக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதை.

தூத்துக்குடியில் தண்ணீர் லாரி ஓட்டிய இசக்கிராஜுக்குத் தூசி ஆகாது. தும்ம ஆரம்பித்தால் பத்துக்குக் குறையாது. அன்றைக்கு மூக்கும் சேர்ந்து ஒழுக, மனைவி செல்லக்கனி அவனைப் பிடித்து நிறுத்தி லீவு போட வைத்தாள். மருந்துக்கடை ஜெபமணி, இன்று லீவுதான் என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே, அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளை மட்டும் வெட்டிக் கொடுத்தார். தூக்கம் வரும், போட்டுவிட்டுப் படுக்கட்டும் என்றார். அவள் அதை அப்படியே கணவனிடம் சொல்லி, ஒன்றைக் கண்முன்னே விழுங்க வைத்துவிட்டு மீன் கம்பெனி வேலைக்குப் போனாள்.

அவள் போனபின் பால்பாண்டி போன் செய்தார். அவரும் லாரி ஓட்டுகிறவர். மகளுக்கு வளைகாப்பு, அன்றைக்குத் தன் லாரி நடையை ஓட்டித் தர முடியுமா என்று கேட்டார். இசக்கிராஜின் குரல் கம்மியிருந்தது.

"மாத்திர ஏதும் போட்டியாடே?"

"அதெல்லாம் இல்லண்ணே. நீங்க பிள்ளைக்கு வளையலப் போடுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

பட்டப்பகலில், ஆளில்லாத சாலையில், லாரி பாலத்துச் சுவரில் மோதியது. வேறு யாருக்கும் காயமில்லை. அவன் போய்ச் சேர்ந்தான்.

பதினாறாம் நாள் ஜெபமணி வந்தார். வண்டி ஓட்டக் கூடாது என்று அச்சடித்த பாதி அட்டை தன் கடையிலேயே தங்கிவிட்டது, லாரிக்காரன் என்று தெரிந்தும் வாயால் சொல்லவில்லை, பாவம் தன்னுடையது என்றார். பால்பாண்டி தலையில் அடித்துக்கொண்டார். மாத்திரை போட்டியா என்று கேட்டேன், இல்லை என்றான், நம்பி வரச்சொன்னேனே என்று அழுதார். செல்லக்கனி இருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"என் கையால குடுத்தேன். குடுத்துட்டு வேலைதான் பெருசுன்னு போனேன். அவரக் கொன்னது நான்தான்."

கேட்டவர்கள் சொல்லுங்கள்: இந்தப் பழி யாரைச் சேரும்?

விடை: மூவருக்கும் பாதிதான் தெரியும். அவன் வண்டி எடுப்பான் என்று ஜெபமணிக்குத் தெரியாது. மாத்திரை போட்டது பால்பாண்டிக்குத் தெரியாது. போன் வந்ததே செல்லக்கனிக்குத் தெரியாது. முழுதும் தெரிந்தவன் ஒருவன்தான். அடுத்தவர் வீட்டு விசேஷம் கெடக்கூடாதென்று நல்ல மனதோடு பொய் சொன்னவன். பால்பாண்டி பேசியபோதே செல்லக்கனிக்கு இது விளங்கிவிட்டது. மாலை போட்ட படத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் தன்னைச் சொன்னாள்.