பிச்சைக்கனியின் சுத்த ஊதாக் கத்தரி

கொம்மடிப்பட்டிக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்பவர்கள். அதைத் தவிர அந்த ஊருக்கு வேறு குறை கிடையாது.

அவ்வூர்ப் பிச்சைக்கனி, மகள் பூரணத்தின் நிச்சயதார்த்தத்துக்குச் சொந்தத் தோட்டத்து ஊதாக் கத்தரிக்காயைக் கூடை நிறையக் கொண்டுபோனார். மாப்பிள்ளையின் அப்பா தங்கப்பழம் கூடைக்குள் கைவிட்டார். வெள்ளைக் காய் ஒன்று வந்தது.

"சீர்க்கூடையில வெள்ளைக் கத்தரியா? எங்க குடும்பத்துக்கு ஆகாது. அடுத்த தையில வாங்க. அப்பவும் ஒரு வெள்ளை இருந்தா சம்பந்தமே கிடையாது."

பிச்சைக்கனிக்கு அழுகையே வந்துவிட்டது. தாய்ச்செடியும் ஊதா, மகரந்தம் தந்த தகப்பன்செடியும் ஊதா. நாற்பது பிள்ளைச்செடிகளில் பத்து மட்டும் எப்படி வெள்ளையாகக் காய்க்கும்?

"பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக் கத்தரி வேலி தாண்டியிருக்கும் அத்தான்," என்றான் பெரிய மச்சினன் சொரிமுத்து.

"செடி எப்படிடே தாண்டும்?"

"அதைத்தான் பிடிக்கணும்."

மூன்று நாள் வேலியோரம் காவல் இருந்தார்கள். வெள்ளைச்செடி அசையவில்லை.

"நாம பாக்கிறது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றான் சின்ன மச்சினன் உடையார்.

கடைசியில் விவசாய ஆபீசரம்மாவிடம் போனார்கள். நாற்பதில் பத்து வெள்ளை என்ற கணக்கை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வேலி மேல தப்பில்லை. பிள்ளைகளைப் பார்த்தே பெத்தவங்களைச் சொல்லிடலாம். நாலுக்கு ஒண்ணு வெள்ளைன்னா, தாய், தகப்பன் ரெண்டுக்குள்ளயும் வெள்ளைக்கூறு ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. ஊதா மேலோங்கி நிக்கிறதால வெளிய தெரியலை. வெள்ளையைக் கழிச்சிட்டு, சுத்த ஊதாவா பார்த்து நடுங்க."

மூவரும் ஓட்டமாகத் திரும்பித் தாய்ச்செடியின் முற்றிய காய் ஒன்றை அறுத்தார்கள். உள்ளே வெள்ளை! தகப்பன்செடியின் காயை அறுத்தார்கள். அதிலும் வெள்ளை!

"அடப்பாவி!" பிச்சைக்கனி நெஞ்சில் கைவைத்தார். "என் கையால தண்ணி குடிச்சிட்டு, ஒரு வார்த்தை சொல்லலையே!"

"கழிச்சிருவோம் அத்தான்."

வெள்ளைச் சதையைச் சுரண்டி எடுத்தார்கள்.

"அதோட விதையும் போகுதே?" என்றான் உடையார்.

"வெள்ளையோடயே குடியிருந்த விதை. அதை நம்ப முடியுமா?" என்றான் சொரிமுத்து.

எல்லாவற்றையும் ஆட்டுக்குப் போட்டார்கள். மிஞ்சிய சுத்த ஊதாத் தோல்களைப் பாத்தியில் வரிசையாக நட்டு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினார்கள்.

தை பிறந்தது. பாத்தியில் மருந்துக்குக்கூட ஒரு வெள்ளைக் காய் இல்லை. பிச்சைக்கனி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்.

தங்கப்பழம் கூடைக்குள் கைவிட்டுத் துழாவினார். கவிழ்த்துத் தட்டினார்; ஒன்றும் விழவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"ஒரு வெள்ளைகூட இல்லையே! நிச்சயம் பண்ணிடலாம் சம்பந்தி. இந்த ரகத்துல எங்களுக்கும் கொஞ்சம் விதை வேணும்."

பிச்சைக்கனி பெருமையோடு கூடையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தார். தங்கப்பழம் ஒன்றுகூடக் கீழே சிந்தாமல் வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார்.