கொம்பையா வாயை அடைத்த வரவேற்பு

ஓணான்குளம் என்று ஓர் ஊர். அறிவாளிகள் ஊர் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஊருக்கு பஸ் கிடையாது. கேட்கலாமென்றால், ஊருக்கு வரப்போகிற புதுக் கலெக்டர் கஜேந்திர டோக்ரா வடநாட்டுக்காரர். பேரைக் கடித்துத் துப்பினால் மனுசர் கோபித்துக்கொள்வார், பஸ்ஸும் போச்சு என்று ஊரெல்லாம் பயம்.

கலெக்டரை வரவேற்றுப் பேசுகிற பொறுப்பு கொம்பையாவுக்கு. அவர் வாயில் அந்தப் பேர் காக்காய் கத்துகிற மாதிரிதான் வந்தது. தலைவர் மாசானம் பதறிப்போய், செந்தட்டியையும் தளவாயையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு நடந்தார். அங்கே உச்சரிப்பு சொல்லித்தருகிற ஒலியியல் வாத்தியார் பொறுமையாகச் சொன்னார்:

“அந்தப் பேர்ல முதல்ல வர்ற ‘க’ ஒலிப்புடை அடைப்பொலி. முதல்ல காத்தை அடைக்கணும், அப்புறம் விடணும். தொண்டையில கை வெச்சுப் பாருங்க, அதிரணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அவர் நினைத்தார், பாவம்.

“யார் தொண்டையில யார் கை?” என்று வழியில் தளவாய் கேட்டார்.

“கொம்பையா கை மைக்கைப் பிடிச்சிருக்கும். அப்ப நம்ம கைதான்” என்றார் மாசானம். அடடா, என்ன மூளை!

மறுநாள் மேடை. கலெக்டர் வந்து உட்கார்ந்தார். கொம்பையா “மாண்புமிகு கலெக்டர்” வரைக்கும் வந்ததுதான் தாமதம், மாசானம் அவர் கழுத்தைப் பிடித்தார், தளவாய் வாயைப் பொத்தினார்.

“அதிருதா தலைவரே?” என்றார் தளவாய்.

“இல்லையேப்பா.”

“அப்ப இன்னும் அழுத்துங்க.”

அழுத்தினார். கொம்பையாவுக்கு முழி பிதுங்கியது. மூக்கு வழியாகத்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

“சரி, அடைச்சாச்சு. எப்ப விடணும்?” என்றார் செந்தட்டி.

அதை வாத்தியாரிடம் யாருமே கேட்கவில்லை.

“நான் போய்க் கேட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் விட்டுராதீங்க!” செந்தட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டவுனைப் பார்த்து ஓடினார்.

கலெக்டர் பதறி எழுந்தார். “ஐயோ, அவரை விடுங்க! செத்துடுவார்!”

“கொஞ்சம் பொறுங்க ஐயா. உங்க பேருதான் உள்ள இருக்கு” என்றார் மாசானம் பணிவாக.

“போனவர் எப்ப வருவார்?”

“பஸ் இருந்தா அரை மணி நேரம். நடந்துன்னா பொழுது சாஞ்சிரும்.”

கலெக்டர் அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். “இந்தாங்க உத்தரவு! அடுத்த வாரம் பஸ் வந்துடும். இப்ப விடுங்க!”

கூட்டம் விசில் அடித்தது. மாசானத்துக்குச் சந்தோசத்தில் கண்ணே கலங்கிவிட்டது. பிடியை மட்டும் தளர்த்தவில்லை.

“டேய், யாராவது ஓடிப்போய் செந்தட்டியைத் திரும்பக் கூப்பிடுங்கடா! கால் வலிக்க எதுக்கு நடக்கணும்? அடுத்த வாரம் பஸ்ஸுலயே போய்க் கேட்டுட்டு வரட்டும்!”