கைமாறிய கரண்டி

"பெரியவரை எறக்கியாச்சு. என்னை ஏத்தியாச்சு. ஜனங்க என்னை நம்புவாங்களா அம்மா?"

வந்ததும் வராததுமாகக் குணசீலன் கேட்ட கேள்வி இது. ஒரு கால் செருப்பு இன்னும் காலிலேயே இருந்தது.

தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. முந்தின நாள்தான் ஆளும் கட்சி கூடி, தன் முதலமைச்சரையே மாற்றியிருந்தது. தாண்டவமூர்த்தி என்கிற அந்தப் பெரியவரின் முகத்தைப் போட்டால் போஸ்டரை மாடுகூடத் தின்னாது என்று அவர் கட்சிக்காரர்களே பேசிக்கொண்டார்கள். அவருக்குப் பதிலாகக் குணசீலன். முப்பது வருஷமாகப் பெரியவரின் வலதுகை.

மறுநாள் பதவியேற்பு. அதற்குள் எங்கள் மடத்துக்கு வந்துவிட்டார். வாசலில் ஏழெட்டுக் கார்.

எங்கள் குரு உலகம்மை. எல்லாருக்கும் அம்மை. குணசீலனின் மகள் வயதுதான் இருக்கும். அதனால் என்ன, காய்ச்சல்காரன் மருந்தின் வயதையா கேட்கிறான்?

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"நம்ப வைக்க என்ன செய்யப் போறீங்க?"

"நாளைக்கு முதல் கையெழுத்தே ஆவாரந்தோப்புச் சாய ஆலையை மூடுறதுதான். ஆறு மாசமா அந்த ஊர்க்காரங்க பந்தல் போட்டு உக்காந்திருக்காங்க. பெரியவர் அசைஞ்சு குடுக்கல. அதுலதான் அவர் பேரே கெட்டுச்சு. நான் மூடிட்டேன்னா அந்தப் பக்கம் முழுக்க எங்களுக்குத்தான் ஓட்டு."

"மூடலைன்னா?"

"கட்சி தோத்துப் போகும். ரெண்டு மாசத்து முதலமைச்சர்னு என்னைக் கேலி பேசுவாங்க. பேரன் பேத்தி காலத்துக்கும் பேசுவாங்க."

அம்மை ஒரு கொத்துக் கீரையை உருவி முடித்தார்.

"பெரியவரைப் போய்ப் பாத்தீங்களா?"

குணசீலன் மற்ற செருப்பைக் கழற்றினார். அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்குறது? அவரை மாத்தணும்னு கூட்டத்துல முதல்ல கை தூக்கினதே நான்தான். வெக்கமா இருக்கும்மா."

"போன்?"

"அதுக்கும் தைரியம் வரல. அதை விடுங்க. ஜனங்க நம்புறதுக்கு வழி சொல்லுங்க."

அப்போது மணி அடித்தது.

இந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மடத்தில் ஒரு கோணல் வழக்கம் உண்டு. வேலையை ஆரம்பித்தவர் அதை முடிக்கக் கூடாது. மணி அடித்தால் அப்படியே பாதியில் விட்டு எழுந்துவிட வேண்டும், அடுத்தவர் அங்கிருந்து தொடர வேண்டும். பாதி பெருக்கின முற்றம், பாதி துவைத்த வேட்டி, பாதி பாடின தேவாரம், எல்லாமே கைமாறும். எனக்கு இந்த வழக்கத்தின் மேல் கோபம்தான். ஒரு வேலையில் மனசு ஒட்டும்போதுதான் பாழாய்ப்போன மணி அடிக்கும்.

ஏன் இப்படி என்று ஒரு தடவை அம்மையிடமே கேட்டுவிட்டேன்.

"சாகும்போது மட்டும் எல்லாத்தையும் முடிச்சிட்டா போகப் போறோம்?" என்றார்.

மணி அடித்ததும் அடுக்களையிலிருந்து சங்கரலிங்கம் எட்டிப் பார்த்தார். முன்னாள் தாசில்தார். அன்றைக்கு அவர் கையில்தான் கரண்டி. பெரிய அண்டாவில் கூட்டாஞ்சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி, பருப்பு, காய்கறி, புளி எல்லாம் ஒன்றாகக் கிடந்து வேகிற சோறு. கட்சிக் கூட்டம் வருகிற நாளில் கூட்டாஞ்சோறு வாய்த்தது தற்செயல்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அடுத்தது யாரும்மா?" என்றார் சங்கரலிங்கம்.

அம்மை குணசீலனைக் காட்டினார்.

"நானா?" என்றார் குணசீலன். "நான் வழி கேக்க வந்தேன்மா."

"கரண்டியைப் பிடிங்க. வெந்துக்கிட்டிருக்கு, அடி பிடிச்சிரும்."

சங்கரலிங்கம் கரண்டியை இரண்டு கையாலும் நீட்டினார். "வாங்கய்யா." அதோடு சரி. சுவரோரம் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

குணசீலன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு அண்டாவின் முன்னால் நின்றார். விஷயம் தெரிந்து கட்சிக்காரர்கள் அடுக்களை ஜன்னலில் மொய்த்துவிட்டார்கள். ஆளுக்கொரு செல்போன். "தலைவர் சமைக்கிறார்" என்று அதற்குள் ஊரெல்லாம் போய்விட்டது.

அவர் கிண்டினார். மறுபடியும் கிண்டினார்.

எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருந்தது. கிண்டுவதைத் தவிர வேலை இல்லை. ஆனால் வெறுமனே கிண்டிக்கொண்டிருப்பதைப் படம் பிடித்தால் என்ன மரியாதை? வந்ததற்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா? அவர் கண் அடுக்குப் பலகையெல்லாம் அலைந்தது. அங்கே கல்லுப்பு ஜாடி இருந்தது.

ஒரு கை அள்ளினார். ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டுப் போட்டார்.

"இன்னொரு தடவை, தலைவரே. சரியா விழல," என்றது ஜன்னல்.

இன்னொரு கை அள்ளிப் போட்டார்.

சங்கரலிங்கத்தின் புருவம் மட்டும் ஏறி இறங்கியது. அம்மை யாரோ பாதியில் விட்ட தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அன்றைக்கு என் வேலை இலை போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும்தான். பெரிய மனுஷன் விவகாரத்தில் மூக்கை நுழைக்க எனக்கென்ன பைத்தியமா?

பந்தி ஆரம்பித்தது.

குணசீலனே பரிமாறினார். கட்சிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் இலையில் மாவட்டச் செயலாளர் ஆவுடையப்பன். ஒரு வாய் வைத்தார். கண் இரண்டும் ஒருகணம் நிலைகுத்தி நின்றது. பிறகு தொண்டை ஏறி இறங்கியது.

"அருமை, தலைவரே."

பக்கத்து இலைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். தானும் ஒரு வாய் வைத்தார்.

"கல்யாண வீட்டுலகூட இப்படி ஒரு ருசி கிடையாது."

"கைப்பக்குவம்னா இதுதான்யா," என்றார் மூன்றாவது ஆள். அவர் இன்னும் தின்னவே ஆரம்பிக்கவில்லை.

ஆனால் தண்ணீர் தண்ணீர் என்று ஒரே கூப்பாடு. ஊற்றி ஊற்றி என் தோள் கழன்றுவிட்டது. மோர் உண்டா என்று ஒருவர் கேட்டார். சொம்பு மோரையும் அவரே குடித்துவிட்டார்.

குணசீலனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அம்மையிடம் வந்தார்.

"பாத்தீங்களாம்மா? எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

"அப்ப நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்தார். ஆசையாகப் பிசைந்தார். ஒரு பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டார்.

துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சுற்றிலும் செல்போன். ஒரு வழியாக விழுங்கினார்.

"யோவ், ஆவுடையப்பா. இது என்னய்யா?"

"கூட்டாஞ்சோறு, தலைவரே."

"உப்பு கரிக்குதேய்யா."

"அப்படீங்களா?" ஆவுடையப்பன் இன்னொரு வாய் தின்று பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது. "லேசா இருக்கு, தலைவரே. லேசா."

குணசீலன் சங்கரலிங்கத்தைப் பார்த்தார். அவர் தன் இலையில் இருந்த அப்பளத்தை மட்டும் கடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏற்கெனவே உப்புப் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேனுங்க."

"நான் போடுறப்ப பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க?"

சங்கரலிங்கம் அப்பளத்தைக் கீழே வைத்தார். பாவம், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"கரண்டியைக் குடுத்துட்டு எந்திரிச்சவன் நான். அப்புறமும் நான் வாயைத் திறந்தா, வயித்தெரிச்சல்ல சொல்றான்னு நினைப்பீங்களோன்னு இருந்துட்டேன்."



ஆவுடையப்பனுக்கு இந்த மாதிரி நேரத்தில் சும்மா இருக்கத் தெரியாது. மாவட்டச் செயலாளர் ஆனதே அப்படித்தான்.

"விடுங்க தலைவரே. சோறு எப்படி இருந்தா என்ன? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாங்க? நாங்க உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டோம்."

"எந்த உப்பிட்டவரை?" என்றார் அம்மை.

சாதாரணமாகத்தான் கேட்டார். தன் இலையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

ஆவுடையப்பன் முழித்தார். கேள்வி தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, "நம்ம தலைவரைத்தான்," என்றார்.

 குணசீலன் சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. காய்ந்துவிடும்போல இருந்தது. பிறகு மெதுவாக எழுந்தார், கையைக் கழுவினார், மடத்துக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றுப் பக்கம் நடந்தார்.

கட்சிக்காரர்களும் கூடவே எழப் பார்த்தார்கள்.

"சாப்பிடுங்க," என்றார் அம்மை. "தலைவர் சமைச்சது. மிச்சம் வைக்கக் கூடாது."

அவர்கள் உட்கார்ந்தார்கள்.

அம்மை என்னைப் பார்த்தார். "அந்த மனுஷன் ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்கலை."

சொம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். குணசீலன் மருதமரத்தடியில் நின்று போனைக் காதில் வைத்திருந்தார். நான் ஒட்டுக் கேட்கவில்லை. அரசியல்காரர்களின் போனில் எப்போதும் சத்தம் கூடுதல், பக்கத்தில் நிற்கிறவனுக்கும் சேர்த்துத்தான் கேட்கும்.

"அண்ணே," என்றார் குணசீலன். 

"சொல்லு, குணா," என்றது பெரியவரின் குரல்.

"ஆவாரந்தோப்பு ஆலை விஷயம். நீங்க அதுல ஏதாவது பேசியிருக்கீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"பேசி முடிச்சாச்சு. ஆலையை மூடுங்கன்னு கத்துறது அந்த ஊர்க்காரங்க இல்ல, டவுன்ல இருக்கிற நம்ம ஆளுங்க. ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் அங்கதான் வேலை பாக்குறாங்க. மூடினா அவங்க சோத்துக்கு எங்க போவாங்க? சாயத்தண்ணிய ஆத்துல விடாதேன்னுதான் உக்காந்திருக்காங்க. ஆலைக்காரன் சம்மதிச்சிட்டான். தண்ணியைச் சுத்தம் பண்ண மெஷின் இறக்குறான். வர்ற வெள்ளிக்கிழமை அவங்களே பந்தலைப் பிரிக்கிறதாப் பேச்சு."

"நாளைக்கு நான் மூடுறேன்னு கையெழுத்துப் போட்டிருந்தா?"

"அதே பந்தலைத் தூக்கிட்டு வந்து உன் வீட்டு வாசல்ல போட்டிருப்பாங்க."

குணசீலன் மரத்தில் சாய்ந்துகொண்டார். அறுபது வயது மனிதர், முகத்தைத் துடைக்க என் முன்னால் துண்டைத் தேடினார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

"கூட்டத்துலயே இதைச் சொல்லியிருந்தா உங்க பதவி போயிருக்காதே அண்ணே."

"சொல்லத்தான் எந்திரிச்சேன். விடாமக் கை தட்டி உக்கார வச்சிட்டீங்க."

"அப்புறமாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. முப்பது வருஷம் கூட இருந்தவன். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே."

  போனை வைத்துவிட்டாரோ என்று குணசீலன் எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"நீ கேப்பேன்னு இருந்தேன்பா," என்றார் பெரியவர்.