அரசியின் முயலும் இருபத்தொரு நாளும்

ராஜாக்கள் யானை மேல் போன காலம். முயல்கள் மரக்கலம் ஏறி வந்த காலம். அந்தக் காலத்துக் கதை இது. கேட்கிறவர்கள் கிட்டே வாருங்கள், கொட்டாவி விடுகிறவர்கள் சற்றுத் தள்ளி உட்காருங்கள்.

தென்கடல் ஓரம் மாந்துறை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டார் காட்டு முயலை வலை வைத்துப் பிடிப்பார்கள், சுட்டுத் தின்பார்கள். வளர்ப்பது என்ற பேச்சே கிடையாது. ஒருநாள் ஒரு வணிகன் கடல் கடந்து வெள்ளை முயல்களைக் கூண்டோடு கொண்டுவந்து இறக்கினான். துறையே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. வேடிக்கை பார்க்காமல் விலை கேட்டவள் ஒருத்திதான். அவள் பெயர் கொற்றி.

கொற்றிக்குக் காணி நிலம் கிடையாது. பூதன் என்று ஒரு கணவன் இருந்தான், நங்கை என்று நான்கு வயதில் ஒரு மகள் இருந்தாள், கையில் நான்கு வெள்ளி வளையல்கள் இருந்தன. வளையல்களைக் கழற்றிக் கொடுத்து ஓர் ஆண் முயலும் ஐந்து பெண் முயல்களும் வாங்கினாள். புதுத் தொழில் செய்கிறவள் என்று கேள்விப்பட்ட அரசன், வாய்க்கால் ஓரத்துப் புங்கந்தோப்பில் அவளைக் குடியிருக்கச் சொன்னான். தோப்பு அரசனுடையது. அரண்மனைக்கு அவள் மேல் மனக்குறை வராதவரை அவள் அங்கே இருக்கலாம்.

கொற்றி முழங்கால் உயரத்தில் மூங்கில் கூண்டுகள் கட்டினாள். புழுக்கை கீழே விழுந்துவிடும், முயலின் கால் ஈரத்தில் நிற்காது. காலையில் அறுத்த புல்லை நிழலில் விரித்துப் பனி உலர்ந்த பிறகே போட்டாள். நனைந்த புல்லைத் தின்றால் முயலுக்கு வயிறு உப்பிவிடும். குட்டி போட்ட தாயை ஏழு நாள் யாரும் வேடிக்கை பார்க்க விடவில்லை. ஒரு வருடத்தில் ஆறு முயல் நாற்பது ஆயிற்று.

அப்போதுதான் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. சந்தையில், கடல் கடந்து வந்த ஒரு பெரிய ஆண் முயலைப் பார்த்தாள். நல்ல எடை, நல்ல பளபளப்பு. வாங்கிவந்து அன்றே கூண்டில் சேர்த்தாள். மூன்று வாரம் கழித்து அதன் மூக்கு நுனியில் சாம்பல் ஒட்டியது போல் சொறி கண்டது. பிறகு காது ஓரம், பிறகு கால் விரல், பிறகு பக்கத்துக் கூண்டு. முயல்கள் தின்னாமல் சொறிந்துகொண்டே செத்தன. நாற்பதில் நான்கு மிஞ்சின. கொற்றி குழி தோண்டித் தோண்டி அழுதாள். அழுது முடித்த பிறகு ஒரு சட்டம் போட்டாள்.

வெளியிலிருந்து வரும் எந்த முயலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பெருவழி ஓரத்துக் குடிசையில் இருபத்தொரு நாள் தனியாக இருக்கவேண்டும். அந்த முயலைத் தொட்டவர் அத்தனை நாளும் பனைமரப் பாலத்தைத் தாண்டித் தோப்புக்குள் வரக்கூடாது. அது யார் வீட்டு முயல் என்று கேட்கவே கூடாது.

மிஞ்சிய நான்கும் மறுபடி பெருகின. சட்டம் போடுவது சுலபம். அதற்குச் சோதனை வந்த விதத்தைக் கேளுங்கள்.

முதல் சோதனை பிறந்த வீட்டிலிருந்து வந்தது. நங்கைக்குக் காது குத்து. கொற்றியின் தம்பி எயினன் தாய்மாமன் சீரோடு வந்தான். ஏழு தட்டு, மேளம், கூலியாள் தலையில் ஒரு கூடை, கூடைக்குள் மஞ்சள் பூசிய ஒரு முயல். சீர் வந்தால் நடுவீட்டில் இறக்குவதுதான் அந்த ஊர் வழக்கம். கொற்றி பாலத்தில் நின்று மறித்தாள்.

"தம்பி, நீ அதைத் தொடலையே, நீ வா. தட்டெல்லாம் வரட்டும். முயல் மட்டும் குடிசையில இருக்கட்டும்."

"என்னக்கா பேசுற? மாமன் சீரை வாசல்ல நிறுத்துவியா? ஊரே பாக்குது."

"பாக்கட்டும்டா. இருபத்தொரு நாள்தானே?"

எயினன் மருமகளை மடியில் வைத்துக் காது குத்தும்வரை இருந்தான். பந்தியில் உட்காரவில்லை. கை நனைக்காமலே போய்விட்டான். பூதன் இருபத்தொரு நாள் குடிசையில் இருந்து அந்த முயலைப் பார்த்துக்கொண்டான். அதற்கு ஒரு நோயும் வரவில்லை. ஊர் சிரித்தது.

இரண்டாவது சோதனை காவி உடுத்தி வந்தது. காட்டில் நரி வாயிலிருந்து மீட்ட முயல் என்று ஒரு துறவி, திருநீறு பூசிய முயலைக் கொடுத்தார். அதுவும் குடிசைக்குப் போயிற்று. பூதனும் கூடவே போனான். துறவி சிரித்துவிட்டுப் போனார். ஊர்தான் சொன்னது, சாமியார் முயலுக்கே தீட்டா என்று. இருபத்தொரு நாளும் அந்த முயல் தின்று கொழுத்தது.

"ரெண்டு தடவை என்னை நாடு கடத்திட்ட," என்றான் பூதன். "ரெண்டு தடவையும் முயல் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் இளைச்சுப் போனேன்."

கொற்றிக்கும் உள்ளுக்குள் சந்தேகம் வந்துவிட்டது. தம்பி உறவு போயிற்று, ஊரில் பேர் கெட்டது, கண்ட பலன் ஒன்றுமில்லை. அடுத்த முயலை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

அடுத்த முயல் பல்லக்கில் வந்தது.

அரசி தன் மடியில் வளர்த்த முயல் அது. கழுத்தில் முத்துச் சரம். அரண்மனை அதிகாரி ஒருவர் முன்னால் நின்று ஓலையைப் படித்தார். கொற்றியின் தொழிலை மெச்சி அரசி தன் செல்ல முயலைத் தருகிறாள், அதை இன்றே கூட்டத்தோடு சேர்க்கவேண்டும், தனிமை அதற்கு ஆகாது.

ஆமாம் என்றால் ஐம்பது முயல்களுக்கு ஆபத்து. இல்லை என்றால் தோப்பு போகும், கூரை போகும். கொற்றி கூண்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"இருபத்தொரு நாள் கழிச்சுச் சேத்துடறேன் ஐயா."

"அரண்மனை முயலுக்கு நோய் இருக்கும்னு சொல்றியா?"

"இருக்குன்னு சொல்லலை ஐயா. இல்லைன்னு எனக்குத் தெரியாது."

அதிகாரி முகம் சிவந்து போனார். போன இடத்தில் கண் காது மூக்கு வைத்துச் சொன்னார். அரசி அப்போது தீர்த்த யாத்திரை கிளம்பிக்கொண்டிருந்தாள். "திரும்பி வந்ததும் நானே போய்க் கேட்கிறேன்" என்றாள்.

இந்தத் தடவை கொற்றி பூதனை அனுப்பவில்லை. பழி வந்தால் தன் மேல் வரட்டும் என்று தானே குடிசைக்குப் போனாள். பூதன் தோப்பைப் பார்த்துக்கொண்டான். தினமும் மாலையில் நங்கை வாய்க்காலின் தோப்புக் கரையில் நின்று, "அம்மா, வா" என்பாள். கொற்றி விரல் விட்டு மீதி நாளைக் காட்டுவாள். பத்து நாள் போயிற்று, பதினைந்து நாள் போயிற்று, முயல் சுகமாகத்தான் இருந்தது. ஒருமுறை பாலம்வரை நடந்துவிட்டுத் திரும்பினாள்.

பத்தொன்பதாம் நாள் காலை, முயலின் மூக்கு நுனியில் சாம்பல் நிறத்தில் சொறி தெரிந்தது. அன்றைக்கே, யாத்திரை முடித்த அரசியும் அரண்மனைக்குப் போகும் வழியில் வந்து இறங்கினாள்.

அரசி நேராகக் குடிசைக்குள் நுழைந்து முயலை வாரி மடியில் வைத்துக்கொண்டாள். மூக்கைப் பார்த்தாள்.

"என் மடியில இருந்தப்ப நல்லா இருந்துச்சே! இந்தக் குடிசையில போட்டு நீதானே நோயாக்கிட்ட? இன்னைக்கே தோப்பைக் காலி பண்ணு."

கொற்றி கும்பிட்டு நின்றாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே கேட்டாள்.

"போயிடறேன் தாயே. அதுக்கு முன்னால ஒரு குதிரைக்காரரை அரண்மனைக்கு அனுப்புங்க. இதோட கூடப் பிறந்ததுக அங்க இருக்குமில்ல? மூக்கையும் காது ஓரத்தையும் பாத்துட்டு வரட்டும். நீங்க வேற ஆளைத் தோப்புக்கு அனுப்பி என் முயலுகளையும் பாக்கச் சொல்லுங்க."

குதிரைக்காரன் போனான். தோப்புக்கு, அரசியோடு வந்து முயலைத் தொடாமல் நின்ற சேடி ஒருத்தி போனாள். சேடி முதலில் வந்து, ஐம்பது முயலுக்கும் மூக்கு சுத்தமாக இருக்கிறது என்றாள். உச்சி சாயும் நேரத்தில் குதிரைக்காரன் வந்தான். அரண்மனையில் பதினோரு முயல், ஏழுக்குச் சொறி, இரண்டு நேற்றே செத்துவிட்டன, சொல்ல எல்லோரும் பயந்தார்கள் என்றான்.

அரசி மடியிலிருந்த முயலின் மூக்கை மறுபடி பார்த்தாள். பிறகு, "இதை யார் பாத்துக்கிட்டது?" என்றாள்.

"நான்தான் தாயே. பத்தொன்பது நாளா தோப்புப் பக்கம் போகலை."

அரசியின் கோபம் தணிந்தது. "தோப்பு உனக்கே. இனி அதை யாரும் கேக்க மாட்டாங்க. வா, உன் முயல்களை நான் பாக்கணும்" என்று எழுந்து பனைமரப் பாலத்தில் கால் வைத்தாள்.

கொற்றி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

கூட வந்தவர்கள் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்கள்: இப்போதுதான் பிழைத்தாள், இந்த வேலை இவளுக்குத் தேவையா?

"தாயே, நீங்களும் அதைத் தொட்டுட்டீங்க."

அரசி அவளைப் பார்த்தாள். தோப்புக் கரையில் நின்ற நங்கையைப் பார்த்தாள்.

"அது உன் மகளா?"

"ஆமா தாயே."

"இன்னும் ரெண்டு நாள்ல போயிடுவியா?"

"இல்லை தாயே. சொறி கண்டுடுச்சு. புங்க எண்ணெயும் கந்தகமும் தடவிக் குணமாக்கணும். குணமான நாள்லேர்ந்து மறுபடி இருபத்தொண்ணு."

அரசி பாலத்திலிருந்து காலை எடுத்தாள்.

மகளுக்குக் காட்ட இப்போது இரண்டு விரல் போதவில்லை. கொற்றி இரண்டு கைகளையும் விரித்து, மடக்கி, மறுபடி விரித்தாள். நங்கை எண்ண முடியாமல் அழுதாள். அரசி வாய்க்கால் ஓரம் மண்ணிலேயே உட்கார்ந்து, தன் கைகளையும் நீட்டி, அந்தக் குழந்தைக்கு நாட்களை எண்ணிக் காட்டினாள்.

கேட்டவர்கள் மனதில் வையுங்கள்: நன்மைக்காக வகுத்த ஒழுங்கை, அது வீண் என்று தோன்றும் நாளிலும், பெரியவர் எதிரே நிற்கும் நாளிலும், நம் தலையிலேயே பாரமாக விழும் நாளிலும் கைவிடக் கூடாது.