ஓரகத்தியின் கோழிகள்

"என் ஓரகத்தி கோழிக்கு என்ன மருந்து குடுத்தீங்களோ, அதையே எனக்கும் குடுங்க டாக்டரம்மா" என்றாள் மரகதம்.

கால்நடை மருந்தகத்தின் மேசைக்குப் பின்னாலிருந்து டாக்டர் நிலோஃபர் நிமிர்ந்து பார்த்தார். மரகதத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். வாசலில் ஒரு பசுவும் இரண்டு ஆடுகளும் காத்திருந்தன.

"கோழி எங்க?"

"வீட்ல."

"கொண்டு வரலையா?"

"மருந்துதானே வேணும்?"

டாக்டர் நாற்காலியைக் காட்டினார். மரகதம் உட்காரவில்லை. ஏற்கனவே நிறைய அலைந்துவிட்டாள். தீவனக் கடைக்காரர் ஒரு சிவப்புத் தூளைக் கொடுத்தார். மருந்துக் கடையில் "கோழிக்கா?" என்று சிரித்தார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து ஊட்டினாள். கோழிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன.

"கோழிக்கு என்ன செய்யுது?"

"அவளோடது நல்லா மேயுது. விடிஞ்சும் விடியாமக் கூண்டைத் திறந்துடறா. கம்பு போடறா. கீரைத்தண்டை நறுக்கிப் போடறா. தண்ணிச் சட்டியைத் தினம் தேய்ச்சுக் கழுவறா. கொண்டைக் கோழி போன வாரம் குஞ்சு பொரிச்சிருக்கு. ஒரு முட்டைகூட வீணாகல."

"இதெல்லாம் யார் கோழி?"

"சிந்தாமணி கோழி. என் கொழுந்தன் பொண்டாட்டி."

"உங்க கோழி?"

"அது சரியில்லைன்னுதான் வந்திருக்கேன்."

"எச்சம் என்ன நிறம்?"

"அதைப் பாக்கலையே."

"எப்பலேர்ந்து தீனி எடுக்கல?"

மரகதத்துக்குக் கோபம் வந்தது.

"அவ கோழியும் என் கோழியும் ஒரே தாய்வழி டாக்டரம்மா. சொத்து பாகம் பிரிச்சப்ப மாமியார் வளத்த கோழியையும் பிரிச்சாங்க. நல்லதையெல்லாம் அவ ஓட்டிக்கிட்டுப் போயிட்டா. நோஞ்சானா நின்னதுதான் எனக்கு. மூணு வருஷமாச்சு. நடுவுல ஒரு மதில்தான். ஆனா நான் அவகூடப் பேசறதில்ல."

"பாக்கறது மட்டும் உண்டு" என்றார் டாக்டர்.

மரகதம் வாசலில் நின்ற பசுவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போங்க. உங்க கோழி முன்னால உக்காருங்க. அது என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு மத்தியானத்துக்குள்ள வந்து சொல்லுங்க."

"மருந்து?"

"பாத்துட்டு வாங்க."

மரகதம் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

சாம்பல் நிறக் கோழி கொல்லைப்புறத்தில், கவிழ்த்த அண்டாவின் ஓரமாக நின்றது. அவள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

மதிலுக்கு அப்பால் குஞ்சுகள் கீச்சிட்டன. அவள் எழுந்து ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

கோழியின் இறகெல்லாம் சிலிர்த்திருந்தது. பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராய்க் கழிந்தது. மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து மூடியது. கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. எடுத்து மடியில் வைத்தாள். கனமே இல்லை.

எப்போது இப்படி ஆனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை சிந்தாமணியின் பெயர் வரவில்லை.

"வெள்ளைக் கழிச்சல்" என்றார் டாக்டர். "வந்துட்டா மருந்து கிடையாது. அதைத் தனியா வைங்க. செத்தா ஆழமாக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைங்க. விக்காதீங்க, வெளிய எறியாதீங்க. நல்லா இருக்கற கோழிக்கு இன்னிக்கே தடுப்பு மருந்து விடலாம். கண்ல ஒரு சொட்டு. எல்லாம் பிழைக்கும்னு சொல்ல மாட்டேன்."

"அவ கோழிக்கு மட்டும் ஏன் வரல?"

"தடுப்பூசி முகாமுக்குத் தூக்கிட்டு வந்தாங்க."

மரகதத்துக்கு அந்த நாள் தெரியும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சிந்தாமணி தெருவில் போனாள். அவள் போகிறாள் என்பதற்காகவே மரகதம் போகவில்லை.

"இந்த நோய் மதில் தாண்டுமா?"

"தாண்டும். காக்கா தூக்கிட்டுப் போகும். செருப்புல ஒட்டிக்கிட்டுப் போகும்."

"அந்தக் குஞ்சுங்களுக்கு?"

"அதுங்களுக்கு இன்னும் மருந்து விடல."

"அப்ப செத்துடுமா?"

டாக்டர் அவள் முகத்தையே பார்த்தார்.

"பயந்து கேக்கறீங்களா, ஆசைப்பட்டுக் கேக்கறீங்களா?"

மரகதம் முந்தானையைத் திருகினாள்.

டாக்டர் எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். மருந்தைக் கலக்கினார். இரண்டு சின்னக் குப்பிகளில் பிரித்து ஊற்றினார். இரண்டையும் ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அவள் கையில் கொடுத்தார்.

"எனக்கு ஒண்ணு போதுமே."

"கலக்கின மருந்து ரெண்டு மணி நேரந்தான் தாங்கும். அப்புறம் அது வெறும் தண்ணி" என்றார் டாக்டர். "யாருங்க அது, அடுத்த மாட்டைக் கூட்டிட்டு வாங்க."

மரகதம் வீட்டுக்கு வந்தபோது சாம்பல் கோழி செத்துக் கிடந்தது.

அவள் அழவில்லை. நன்றாக நின்ற கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, முழங்கால்களுக்கிடையில் இடுக்கி, கண்ணில் சொட்டு விட்டாள். ஒரு குப்பி காலியானது.

மற்றது டப்பாவில் இருந்தது. ஐஸ் பாதி கரைந்திருந்தது.

மதிலுக்கு அப்பால் சிந்தாமணி, "பா... பா... பா..." என்று குஞ்சுகளைக் கூப்பிட்டாள். அவை இரைந்துகொண்டு ஓடும் சத்தம் கேட்டது. நொய் போடுகிறாள். எத்தனை அன்பான குரல்!

மரகதம் குனிந்து செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கினாள். மதிலை நோக்கி நடந்தாள். எதற்குப் போகிறாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

மதில் மார்பளவுதான். நேர் கீழே கொண்டைக் கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் அதன் காலடியில் புகுந்து புகுந்து வந்தன. சிந்தாமணி வீட்டுக்குள் போயிருந்தாள். யாரும் பார்க்கவில்லை.

மரகதம் கையை உயர்த்தினாள்.

உயர்த்திய கை அப்படியே நின்றது. நேரம் போனது. கை வலிக்க ஆரம்பித்தது.

"சிந்தாமணி!" என்று கத்தினாள்.

உள்ளே ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. சிந்தாமணி ஓடி வந்தாள். மதிலுக்கு மேலே தொங்கிய கோழியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னக்கா அது கையில?"

"கழிச்சல்ல செத்தது. உன் பக்கம் போடத்தான் எடுத்துட்டு வந்தேன்."

சிந்தாமணியின் வாய் திறந்தது.

"அப்புறம் பேசு" என்றாள் மரகதம். "அண்டா மேல டப்பாவுல உன் குஞ்சுங்களுக்கு மருந்து இருக்கு. ஐஸ் கரையுது. என் கை படக் கூடாது, நீ எடுத்துக்க. குஞ்சுங்களைப் பிடிச்சுக் கண்ல ஒரு சொட்டு விடு."